நான் 'அவுட்' ஆன கதை

எங்கள் தெருவில் எனக்கு 'இங்கிலீஷ்காரன்' என்று பெயர். பெரிய காரணம் ஒன்றுமில்லை. யார் வீட்டுக்கு பாங்க்கிலிருந்து கடுதாசி வந்தாலும் படித்து அர்த்தம் சொல்வேன். அந்தப் பெயரை நம்பித்தான் 1991 கடைசியில் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் ஜூனியர் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன்.

பத்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். "நீ இங்கிலீஷ் நல்லா எழுதுவியாமே? இனிமே மீட்டிங்குக்கு மினிட்ஸ் நீ எழுது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச் இரண்டையும் நெட்டுருப் போட்டவன் நான். முதல் மினிட்ஸை ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். மேனேஜர் செட் தட்... சேல்ஸ் ஆபீஸர் செட் தட்... அக்கவுண்டன்ட் செட் தட்...

மறுநாள் காகிதம் திரும்பி வந்தது. ஒன்றரைப் பக்கத்தில் 19 'செட்'. ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"யோவ், இது மினிட்ஸா, செட் தோசைக் கடையா?" என்றார் மேனேஜர். ஆபீஸே சிரித்தது. எனக்குக் காது மடல் சூடானது.

அன்று சாயங்காலமே லஸ் கார்னர் பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். லாங்மன் கம்பெனி 1983-ல் போட்ட ஃப்ரேசல் வெர்ப் அகராதி ஒன்று கிடைத்தது. செங்கல் கனம். 60 ரூபாய் சொன்னார். கெஞ்சி 35-க்கு வாங்கினேன். வாழ்க்கையில் நான் பேரம் பேசி ஜெயித்த ஒரே சமாசாரம் அதுதான். அதுவும் எனக்கு எவ்வளவு செலவு வைக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஃப்ரேசல் வெர்ப் என்றால் வேறொன்றுமில்லை. சாதுவாக இருக்கிற ஒரு வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் அவுட், ஆன், அப், அபௌட் என்று ஒரு பொடிச்சொல்லை உட்கார வைத்தால் மொத்த அர்த்தமும் குட்டிக்கரணம் போடும். இந்தப் பெயரை அச்சில் பரப்பியவர் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர். 1925-ல் வந்த தன் புத்தகத்தில், பெயர் வைத்தது தான் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு கோஷ்டி மட்டும் 'தட்'டைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும். பாயிண்ட் அவுட் தட், மேக் அவுட் தட், லெட் ஆன் தட் என்று. 'செட்'டுக்கு பதிலாக எதை வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம் என்று நான் முடிவு கட்டினேன். ருசிக்கு ஒரு நாள் தேங்காய்ச் சட்னி, ஒரு நாள் தக்காளிச் சட்னி என்கிற மாதிரி.

முதல் அடி ஆடிட்டரிடம் வாங்கினேன்.

நம் ஊரில் 'ஐ குட் நாட் மேக் அவுட்' என்றால் 'எனக்குப் பிடிபடலை' என்று அர்த்தம். அப்படியானால் மேக் அவுட் என்றால் கண்டுபிடிப்பது. ஆடிட்டர் ரிஜிஸ்டரைப் புரட்டி, கணக்கு சரியில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னாரா இல்லையா? எழுதினேன்: 'தி ஆடிட்டர் மேட் அவுட் தட் தி ரிஜிஸ்டர் வாஸ் நாட் இன் ஆர்டர்.'

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "ஏம்ப்பா, நான் புளுகறேன்னு மினிட்ஸ்லயே எழுதிட்டியா?"

கண்டுபிடிப்பது என்ற அர்த்தமும் அதற்கு உண்டுதான். ஆனால் ஒருவர் கூட்டத்தில் பேசியதை எழுதும்போது 'மேட் அவுட் தட்' என்று போட்டால், இல்லாததை இருப்பது போல ஜோடித்தார் என்று ஆகிவிடும். 'தட்' இல்லாமல் வெறும் மேக் அவுட் என்றால் அமெரிக்காவில் காதலர்கள் தியேட்டர் கடைசி வரிசையில் செய்கிற காரியம். அது ஆடிட்டருக்குத் தெரியாமல் போனது என் பூர்வ ஜென்மப் புண்ணியம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பார்த்தேன். 'லெட் ஆன்' என்றால் மூடி வைத்த சங்கதியை வெளியே விடுவது; போனஸ் குறையப் போகிறது என்று மேனேஜர் டிரைவரிடம் வாய் தவறி உளறுவாரே, அது. 'ப்ளர்ட் அவுட்' என்றால் யோசிக்காமல் பட்டென்று போட்டு உடைப்பது. 'புட் இட் அபௌட்' என்றால் கேன்டீனில் கொளுத்திப் போடுவது. 'கிவ் அவுட்' என்றால் ஊரறிய அறிவிப்பது. ஆனால் நிஜமா என்று யாரும் கேட்கக் கூடாது. 'டர்ன் அவுட்' எல்லாவற்றையும்விட விசித்திரம். அதில் சொன்னவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. விஷயமே ஒரு நாள் தானாகத் திரும்பி முகத்தைக் காட்டும்.

நம்மிடம் இல்லாததா என்ன? சொன்னார், உளறினார், அளந்தார், கதை விட்டார், போட்டுக் கொடுத்தார் - எல்லாமே வாயைத் திறந்ததுதான். ஆனால் 'அளந்தார்' என்று எழுதினால், அது எழுதினவன் கொடுத்த தீர்ப்பு. ஆங்கிலத்தில் அந்தத் தீர்ப்பை அவுட், ஆன் என்ற பொடிச்சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அசலூர்க்காரன் கண்ணில் சட்டென்று படாது.

இத்தனையும் தெரிந்துகொண்ட நான் 'பாயிண்ட் அவுட்'டை மட்டும் பரம சாது என்று நம்பிவிட்டேன்.

1992-ல் ஒரு திங்கட்கிழமை. ஸ்டோர்ஸில் 11 டிரம் தின்னர் காணவில்லை. மீட்டிங்கில் பர்ச்சேஸ் ஆபீஸர், "சனிக்கிழமை ராத்திரி ஸ்டோர்ஸைப் பூட்டாம போயிட்டாங்க ஸார்" என்றார். அவர் கண்ணால் பார்த்தாரா, யாராவது சொன்னார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டோர் கீப்பர் அண்ணன் அந்த அறையிலேயே இல்லை.

அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு 'செட்' விழுந்திருந்தது. மூன்றாவது வேண்டாமே என்று எழுதினேன்: 'இட் வாஸ் பாயிண்டட் அவுட் தட் தி ஸ்டோர்ஸ் ஹேட் பீன் லெஃப்ட் அன்லாக்ட்.'

பூட்டாமல் விட்டது சுட்டிக்காட்டப்பட்டது. யார் சுட்டிக்காட்டினார்? வாக்கியத்தில் ஆளே கிடையாது.

"இப்பத்தான்யா இது ஆபீஸ் இங்கிலீஷ்!" என்று மேனேஜர் முதல் தடவையாக என்னைப் பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணனுக்கு சார்ஜ் மெமோ. பிறகு விசாரணை. குறிப்பெடுக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். அண்ணன் எட்டாம் கிளாஸ். 18 வருஷ சர்வீஸ். இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் அழகாகப் போடுவார்.

"பூட்டினேன் ஸார். சாவியை செக்யூரிட்டிகிட்ட கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

விசாரணை அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "பூட்டினதா நீங்க சொல்றீங்க. ஆனா பூட்டலைங்கறது அப்பவே மீட்டிங்கில சுட்டிக்காட்டப்பட்டிருக்கே?"

அவர் பக்கம் 'சொல்றீங்க'. எதிர்ப்பக்கம் 'சுட்டிக்காட்டப்பட்டிருக்கு'. பர்ச்சேஸ் ஆபீஸரைக் கேட்டதற்கு, "யார் சொன்னாங்கன்னு எனக்கு ஞாபகமில்லை ஸார், அதான் மினிட்ஸ்லயே இருக்கே" என்று என் வாக்கியத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

'ஸார், அதை யாரும் சுட்டிக்காட்டலை. இவர்தான் சொன்னார். நான்தான் மாத்தி எழுதிட்டேன்' என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். என் கன்ஃபர்மேஷன் ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். பேனா நன்றாக ஓடியது.

அண்ணனுக்கு ஒரு வருஷ இன்க்ரிமென்ட் கட்.

மார்ச்சில் ஸ்டாக் எடுத்தபோது அந்த 11 டிரம்மும் இன்னொரு குடோனில் பத்திரமாக இருந்தன. அதே சனிக்கிழமை மத்தியானம் வேறொரு டெலிவரி சலானில் சேர்த்து அனுப்பி விட்டிருக்கிறார்கள். 'இட் டர்ன்ட் அவுட் தட்' என்று ஆரம்பித்து எழுத வேண்டிய வாக்கியம். அதற்கு யாரும் மீட்டிங் போடவில்லை, என்னை எழுதவும் சொல்லவில்லை. வெட்டின இன்க்ரிமென்ட்டும் திரும்பி வரவில்லை.

டீக்கடையில் அண்ணன் கேட்டார். "தம்பி, அந்த 'பாயிண்டட் அவுட்'னா என்னப்பா அர்த்தம்?"

"விரலை நீட்டிக் காட்டறது அண்ணே."

"எதை?"

"இருக்கறதை."

"இல்லாததைப் பார்த்து விரல் நீட்ட முடியாதில்ல?"

"முடியாது அண்ணே."

டீயைக் குடித்து முடித்தார். எனக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். அன்றைக்கு அவர் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எட்டாம் கிளாஸ் அண்ணன் கேட்ட அதே கேள்வி மொழியியலில் பெரிய விஷயம் என்று ரொம்ப வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். பால் கிபார்ஸ்கி, கரோல் கிபார்ஸ்கி என்ற தம்பதி 1970-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். சில வினைச்சொற்கள், பின்னால் வருகிற விஷயம் உண்மைதான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடும். சோதித்துப் பார்ப்பது சுலபம். 'பூட்டவில்லை என்று அவர் சொல்லவில்லை' என்றால், பூட்டினார்களா இல்லையா என்று நமக்குத் தெரியாது. 'பூட்டவில்லை என்பதை அவர் சுட்டிக்காட்டவில்லை' என்று எழுதிப் பாருங்கள். சுட்டிக்காட்டவே இல்லை, ஆனாலும் பூட்டு திறந்தேதான் கிடக்கிறது! அந்தச் சொல் வாக்கியத்துக்குள் நுழைந்த நிமிஷமே அண்ணன் கதை முடிந்துவிட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளில் செய்தி எழுதப் பழகுகிறவர்களுக்கு 'செட்' போதும், அதுவே பத்திரம் என்று சொல்லிக் கொடுப்பதும் இதற்காகத்தான்.

நானும் செட் தோசைக்கே திரும்பிவிட்டேன். மேனேஜர் மறுபடியும் வட்டம் போட்டார். போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் தமிழைப் பற்றிக் கொஞ்சம் ஜம்பம் அடித்துக்கொள்கிறேன். 'மேனேஜர் லீவு' என்றால் லீவு. 'மேனேஜர் லீவாம்' என்றால், யாரோ சொன்னார்கள், எனக்குப் பொறுப்பில்லை. 'வயித்து வலியாம்' என்று ஒரு இழுப்பு இழுத்தால் மேட்ச் பார்க்கப் போயிருக்கிறார். அவுட், ஆன் எதுவும் வேண்டாம், கடைசியில் ஒரு 'ஆம்' போதும். பர்ச்சேஸ் ஆபீஸர் சொன்னதைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தால், 'ஸ்டோர்ஸைப் பூட்டவில்லையாம்' என்றுதான் எழுதியிருப்பேன். அண்ணனின் இன்க்ரிமென்ட் தப்பித்திருக்கும். ஆனால் எந்த ஆபீஸில் மினிட்ஸில் 'ஆம்' போட விடுகிறார்கள்?

அண்ணன் 2004-ல் ரிடையர் ஆனார். பார்ட்டியில் மாலையும் கழுத்துமாக நின்றவர் என்னைப் பக்கத்தில் இழுத்து, காலேஜ் படிக்கிற தன் பையனுக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

"சாரைத் தெரிஞ்சுக்கடா. இவருக்கு இங்கிலீஷ் ரொம்ப நல்லாத் தெரியுமாம்."