நிக்கிற வயசு

மதுரைப் பக்கத்து ஊர்களில், பெண்களுக்கு அளவில்லாமல் உதிரம் போவதைப் 'பெரும்பாடு' என்பார்கள். படுகிற பாட்டையே நோய்க்குப் பெயராக வைத்துவிட்டார்கள். எனக்கு 48 வயது. மூன்று வருடமாக இந்தப் பாட்டில் இருக்கிறேன். இதைப் படிக்கும்போது சில தம்பிகளுக்கு நெளியும். நெளியட்டும்.

45 வயதில் இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு 19 நாள் நிற்காமல் போனது. அந்த 19 நாளில் இரண்டு ஆர்ப்பாட்டம், ஒரு உண்மை அறியும் குழு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காலனியில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை வாக்குமூலம் எழுதினோம். அங்கே கழிப்பறை இல்லை. குழுவில் ஏழு பேர். நான் மட்டும்தான் பெண். கறை தெரியக் கூடாதென்று கறுப்புச் சேலையாகவே கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. "அக்கா இப்பல்லாம் கறுப்புதான்" என்று ஒரு தம்பி அதைப் பெரியார் கணக்கில் சேர்த்துப் பாராட்டினார்.

ஊரில் சொன்னால் ஒரே பதில்: "நிக்கிற வயசு, அப்படித்தான் கெடந்து போகும்." இது பாதி உண்மை. நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயது வாக்கில் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில வருடம் முன்பிருந்தே சினைப்பை ஒழுங்காக முட்டையை வெளியிடாது. முட்டை வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிமனாக்கிக்கொண்டே போகும். தாங்கமுடியாத கட்டத்தில் அது தாறுமாறாக உதிரும். ஒரு மாதம் வராமல் இருப்பதும் மறுமாதம் கட்டி கட்டியாகப் போவதும் இதனால்தான்.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு துணி மாற்ற வேண்டியிருந்தாலோ, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ காட்டியாக வேண்டும். பன்னிரண்டு மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது வயசுக் கோளாறு அல்ல, புற்றுநோய் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்தே தீரவேண்டிய விஷயம். எங்கள் தெருவில் ஒரு அத்தைக்கு நின்று இரண்டு வருடம் கழித்துப் பட்டது. "திரும்ப வயசுக்கு வந்துட்டியா" என்று தெருவே கேலி செய்தது. கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது பரவியிருந்தது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "எடுத்துரு."

நான் முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. பத்து நிமிட ஸ்கேன். "பிள்ளை பெத்தாச்சுல்ல, எடுத்துடலாம். வச்சிருந்தா கேன்சர்ல போய் நிக்கும்" என்றார்கள். சவ்விலிருந்து சதை எடுத்துப் பார்க்கவில்லை. ரத்த அளவுகூடப் பார்க்கவில்லை. வேறொரு அரசு மருத்துவமனையில்தான் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் 7.8. பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பயாப்சியில் கெடுதல் எதுவும் இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட், பிறகு ஹார்மோன் மாத்திரை, கூடவே இரும்புச்சத்து. காப்பர் டி போல உள்ளே வைக்கிற ஹார்மோன் சாதனம் ஒன்று இருக்கிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. அறுவை கடைசிப் படி. பெரிய கட்டி, புற்றுநோய் என்றால் அது உயிரைக் காக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நம் பெண்களுக்கு ஏன் அதுவே முதல் படியாகிறது?

என் சித்தி மகளுக்கு 36 வயதில் எடுத்தார்கள். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். மாசத்தில் பத்து நாள் வேலைக்குப் போகமுடியாதவளுக்கு, ஒரேயடியாக முடித்துவிடுகிறோம் என்பது நல்ல செய்தியாகத்தான் கேட்டிருக்கும். சினைப்பையையும் சேர்த்து எடுத்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படி எடுத்தால் உடம்பு ஒரே நாளில் மாதவிடாய் நின்ற நிலைக்குப் போய்விடும். எலும்பு தேயும், இதயத்துக்கும் கெடுதல். இப்போது அவளுக்கு 43. இடுப்பு வலியால் குனிந்து நாற்று நட முடிவதில்லை.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019ல் அரசே கணக்கெடுத்தது. 82 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைகளுக்கான காப்பீட்டுப் பணத்துக்காகவே அறுத்தார்கள் என்று 2013ல் மருத்துவர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றம் போனார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள். 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு: ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும். அந்த நெறிகளில் மாவட்ட அளவிலான கண்காணிப்புக் குழுவும் உண்டு. மதுரை மாவட்டத்துக்கு அப்படி ஒரு குழு போடப்பட்டதா, எத்தனை முறை கூடியது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட எந்தக் கல்லூரி மாணவருக்கும் அரை மணி நேரம் போதும்.

"இது பொம்பளைங்க சமாச்சாரம், இயக்க வேலை வேற" என்று ஒரு மூத்த தோழர் என்னிடம் சொன்னார். 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் தொழிலாளிப் பெண்களின் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். உழைக்கிற பெண்ணின் உடம்பு அவருக்கு அரசியலாகத்தான் இருந்தது. நூறு நாள் வேலைச் சட்டம் வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதியது. கழிப்பறை என்று எழுதவில்லை. 2023 ஜனவரியிலிருந்து வருகைக்குக் காலையும் மதியமும் செல்போனில் போட்டோ எடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். துணி மாற்ற வீட்டுக்குப் போனவள் மதியப் போட்டோவில் இல்லையென்றால் அன்றைய கூலிக்கு எந்த உறுதியும் இல்லை. இதற்கு எந்த அமைப்பு போஸ்டர் ஒட்டியது?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ படியேறும்போது மூச்சு வாங்கினால் "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடப் போங்கள். ஹீமோகுளோபின் அங்கேயே பார்ப்பார்கள். எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் பயாப்சி ரிப்போர்ட்டைக் கேளுங்கள். சினைப்பையையும் எடுப்பார்களா, ஏன் என்று கேளுங்கள். எடுத்த பிறகு என்றால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். என் சித்தி மகளிடம் அந்தச் சீட்டு இல்லை. எதை எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளவே மறுபடி ஸ்கேன் எடுக்கவேண்டி வந்தது. சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்லுங்கள். மழைக்கு வீடு ஒழுகினால் முதலில் பத்திரப்படுத்துவது ரேஷன் கார்டைத்தான்.