நாலு வயல் தூரம்

நெல்லு, மாடு, உரம்னு எழுதிட்டு இருக்கிறவன் இன்னைக்கு வேற விஷயம் எழுதறேன். ரெண்டு வருஷமா மனசுல கிடந்தது, இறக்கி வச்சிடலாம்னு தோணுச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின பிசானம். மார்கழியோட மழை நின்னு போச்சு. தை மாசம் குளத்துல தண்ணி அடிமட்டத்துக்கு வந்தாச்சு. ஊர் கூடி முறை வச்சோம். ஆளுக்கு ஒரு ராத்திரி. எல்லாருக்கும் கதிர் பால் பிடிக்கிற சமயம். அந்த நேரம் தண்ணி தப்பினா நெல்லு சாவியாப் போகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

என் வயலுக்கு நாலு வயல் கீழே ஒரு அண்ணாச்சி வயல். அவர் முறை வந்த அன்னைக்கு, வீட்டுல அக்காவுக்கு முடியாம பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில இருந்தார். போன் போட்டு, "தம்பி, என் வயலுக்குத் தண்ணிய திருப்பி விட்டுரு"ன்னார். சரின்னேன்.

மம்பட்டியோட போனேன். என் வயல் பொருக்கு விட்டு வெடிச்சுக் கிடந்தது. ஒரு மணி நேரம் மட்டும்னு நினைச்சு என் வாமடையத் திறந்தேன். விடியக்காலம் மூணு மணிக்குத்தான் அடைச்சேன். அதுக்கப்புறம் அவர் வயலுக்குப் போனது, பாதி கூட நனையாது. காலையில போன்ல கேட்டார். "பாஞ்சிருச்சு அண்ணாச்சி"ன்னேன்.

அறுப்புல எனக்கு ஏக்கருக்கு 32 மூட்டை. அவருக்கு 19.

அந்த மாசமே எங்க கோயில்ல அறுப்பின் பண்டிகை. வழக்கம்போல வாழைத்தார், பனங்கிழங்கு, கோழி, முட்டைன்னு ஆளாளுக்குக் கொண்டு வந்தாங்க. நான் முதல் மூட்டை நெல்லக் கொண்டுபோய் முன்னால வச்சேன். அன்னைக்கு ஐயர் எடுத்த வசனம் மத்தேயு அஞ்சாம் அதிகாரம். காணிக்கை கொண்டு வந்த இடத்துல, சகோதரனுக்கு நம்ம மேல மனத்தாங்கல் இருக்கிறது ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கேயே வச்சிட்டுப் போய் முதல்ல ஒப்புரவாகணும்ங்கிற பகுதி.

எனக்குக் கை காலெல்லாம் வேர்த்துச்சு. ஆனா எழுந்து போகல. ஏலம் முடியிற வரைக்கும் இருந்து, அசனம் சாப்பிட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் மனசு பல சமாதானம் சொல்லுச்சு. அவருக்குத் தெரியாதே, தெரிஞ்சாத்தானே மனத்தாங்கல்? அவர் சுடலைமாடனக் கும்பிடுறவர், வசனத்துல சொன்னது சபைச் சகோதரனைத்தானே? மழை நல்லவன் கெட்டவன் பார்க்காம பெய்யுதுன்னும் அதே அதிகாரத்துலதானே இருக்கு? ஆமா, இருக்கு. ஆனா மழை பெய்யறது கடவுள் கையில. வாமடையத் திறந்தது என் மம்பட்டி.

இன்னொன்னும் யோசிச்சுப் பார்த்தேன். இயேசு அதச் சொன்னது கலிலேயாவுல. பலிபீடம் இருந்தது எருசலேம்ல. நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல. நடந்து போக மூணு நாளாவது ஆகும். காணிக்கைய வச்சிட்டு ஊருக்குப் போய், பேசி முடிச்சு, திரும்பவும் நடந்து வரணும். கேட்டுட்டு இருந்த சம்சாரிக்கும் மீன்பிடிக்கிறவனுக்கும் அந்தத் தூரம் நல்லாத் தெரியும். எனக்கோ நாலு வயல் தூரம். அதுக்கு நாலு மாசம் ஆச்சு.

ஆனி மாசம் ஒரு சாயங்காலம் போனேன். தொழுவத்துல மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு இருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு உங்க தண்ணிய நான் எடுத்துட்டேன்."

திரும்பிக்கூடப் பார்க்கல. "தெரியும்டே. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே வயலுக்குப் போனேன். என் வாமடைப் பக்கம் மட்டும்தான் ஈரம். உன் வயல்ல தண்ணி நின்னுச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லன்னு சொல்லிருவ. அப்புறம் உன் மூஞ்சியில எப்படி முழிக்க?"

சகேயு நாலத்தனையாத் திருப்பிக் குடுக்கிறேன்னு சொன்னது லூக்காவுல இருக்கு. 13 மூட்டைக்கு நாலு மடங்குன்னா 52. என் களஞ்சியத்துல அவ்வளவு கிடையாது. 10 மூட்டை தாரேன்னேன். "ஆறு குடு. மிச்சம் வானம் செஞ்சது"ன்னார். மறுநாளே வண்டியில ஏத்தி இறக்கினேன். அவரும் வேண்டாம்னு சொல்லல. அது எனக்கு எவ்வளவு பெரிய உதவின்னு அப்புறம்தான் புரிஞ்சது. வேண்டாம்னு சொல்லியிருந்தா அந்த மூட்டை இன்னும் என் தலையிலதான் இருக்கும்.

எல்லாம் சரியாயிருச்சுன்னு எழுத மாட்டேன். அக்கா இன்னும் என்கிட்ட பழைய மாதிரி பேசுறதில்ல. ஆஸ்பத்திரியில கிடந்த நேரத்துல செஞ்சவன்னு அவங்களுக்கு இருக்கும்ல? அவங்க பேசுற வரைக்கும் காத்திருக்கிறதும் என் வேலைதான்.

போன தையில திரும்பவும் முறைத் தண்ணி. அண்ணாச்சிக்கு இப்ப முழங்கால் வலி, ராத்திரி வரப்புல நடக்க முடியல. கூப்பிட்டு, "தம்பி, என் முறைக்கு நீ நின்னுக்கோ"ன்னார். கேட்டதும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல. என் வாமடைய மண் போட்டு நல்லா மிதிச்சு அடைச்சிட்டு, விடியற வரைக்கும் அவர் வரப்புல உக்காந்திருந்தேன்.

அறுப்பின் பண்டிகைக்கு மூட்டை கட்டுறவங்க, கட்டுறதுக்கு முந்தி ஒரு தடவ வரப்பைச் சுத்தி வந்திருங்க. யார் வீட்டுக்காவது போக வேண்டியிருந்தா, முதல்ல அங்க போயிட்டு வாங்க.

அடுத்த வாரம் கார் நாத்தங்கால் பத்தி எழுதறேன். அம்பை 16 தான் போட்டிருக்கேன்.