தூளுக்குள் ஓர் உடை

இயந்திரத்திலிருந்து வெளியே வந்திருப்பது தூள் கட்டிதான். வெள்ளை நைலான் தூள். விரல் பட்ட இடம் புட்டு மாதிரி உதிர்கிறது. உள்ளே ஓர் உடை இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

இடம் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதி, ஷேப்வேஸ் நிறுவனத்தின் முப்பரிமாண அச்சுக்கூடம். ஆண்டு 2014. உடையை வடிவமைத்தவர்கள் நெர்வஸ் சிஸ்டம் என்ற சிறிய வடிவமைப்புக் கூடத்தை நடத்தும் ஜெசிகா ரோசன்கிரான்ட்ஸ், ஜெஸ்ஸி லூயிஸ்-ரோசன்பெர்க் என்ற இருவர். கட்டியை உடைத்து உடையை எடுப்பது காணொளியாக இருக்கிறது. பேச்சை அடக்கிவிட்டுக் கைகளை மட்டும் பார்க்கலாம்.

அவசரப்படுகிற கைகள் அல்ல. முதலில் அள்ளுகின்றன, பிறகு வழிக்கின்றன. ஒரு விளிம்பு தெரிந்ததும் வேகம் குறைகிறது. லேசர் தொடாத தூள் அது, எங்கும் போகாது. உள்ளே இருப்பதை அச்சு முடியும்வரை தாங்கிப் பிடித்திருந்ததே அதுதான். இயந்திரத்துக்குள் தூளை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பரப்பி, உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கி வைக்கிறார்கள். வேண்டிய இடத்தை மட்டும் லேசர் தொட்டு உருக்குகிறது. அதன்மேல் அடுத்த பரப்பு. எல்லாம் முடிந்தும் ஆற விட வேண்டும். சூட்டோடு திறந்தால் நெளிந்து போகும்.

சுற்றிலும் தூள் தாங்குவதால், கீல்களைக்கூட ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய நிலையிலேயே அச்சிட முடிகிறது. இந்த உடையில் முக்கோணத் துண்டுகள் 2,279, அவற்றை இணைக்கும் கீல்கள் 3,316. யாரும் உட்கார்ந்து கோக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கீலின் இடுக்கிலும் தூள் அடைந்திருக்கும். அது போனால்தான் கீல் அசையும். கோக்கிற வேலை போய்த் துடைக்கிற வேலை வந்திருக்கிறது. கை வேலை குறைந்துவிட்டதாக எழுதுகிறவர்கள் இந்த மேசைப் பக்கம் வந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

விரித்த நிலையில் இந்த உடை இயந்திரத்துக்குள் அடங்காது. அதனால் கணினியிலேயே மடித்துவிட்டார்கள். தைத்து முடித்ததைத்தான் மடித்துப் பழக்கம்; இது மடிந்தபடியே உருவானது. இப்போது ஒரு முனையைப் பிடித்துத் தூக்க, மடிப்பு பிரிந்து இறங்குகிறது. துண்டு ஒவ்வொன்றும் விறைப்பானது. மொத்தம் மட்டும் துணியாகத் தொங்குகிறது. இடைவெளி நிறைய. உள்ளே உடுத்த வேறொன்று வேண்டும்.

வெட்டுத் துண்டே விழாத உடை என்று புகழ்வார்கள். கத்தரி படவில்லை, மெய்தான். கீழே குவிந்து கிடக்கும் தூளையும் பார்க்க வேண்டும். மணிக்கணக்காகச் சூட்டில் கிடந்த நைலான் தூளின் குணம் கெட்டுவிடும். புதுத் தூள் கலந்துதான் மறுபடி போடுவார்கள். ஒரு பகுதி கழிவாகவே போகும்.

இந்த உடைக்கு முன்பே, 2010-இல், நெதர்லாந்தின் ஐரிஸ் வான் ஹெர்பென் அச்சிட்ட உடையை ஆம்ஸ்டர்டாம் மேடையில் ஏற்றிவிட்டார். அது விறைத்து நின்ற சிற்பம். இஸ்ரேலின் டானிட் பெலெக் 2015-இல் தம் பட்டப்படிப்புக்கான உடைகளை வீட்டில் வைக்கிற பிரிண்டர்களிலேயே, இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் செலவிட்டு அச்சிட்டார். ஆனால் முப்பரிமாண அச்சு நுட்பம் கடைக்கு வந்து சேர்ந்தது காலடி வழியாக. 2017-இல் அடிடாஸ் நிறுவனம் கார்பன் நிறுவனத்தோடு சேர்ந்து, காலணியின் நடுவில் வரும் மெத்தையைத் திரவப் பிசினிலிருந்து ஒளியால் உருவாக்கி அறிமுகப்படுத்தியது. நகைப் பட்டறைகளில் வார்ப்புக்கான மெழுகு மாதிரியை அச்சிடுவது இன்று சாதாரணம். கவுனுக்குக் கைதட்டுகிறவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை.

குயீன்ஸ் உடைக்கு அளவெடுத்தது இஞ்ச் டேப் அல்ல, உடலின் முப்பரிமாண ஸ்கேன். அந்த ஓர் உடலுக்குக் கச்சிதமாக இருக்கும். தையல்காரர் முன்யோசனைக்காரர், உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார், உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். இதில் பிரிக்கத் தையல் இல்லை. கணினியில் அளவை மாற்றி இன்னொன்று அச்சிட வேண்டும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த உடையை வாங்கியபோது, அதை உருவாக்கிய மென்பொருளையும் சேர்த்தே வாங்கியது.