தெரிந்தே சொன்ன பொய்

மூலக்குளத்தில் எங்கள் தெருவில் யார் புது போன் வாங்குவதாக இருந்தாலும், கேமரா எப்படி என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் உண்மையாக நடந்துகொள்ளவில்லை.

என்னிடம் 2022இல் வந்த கேலக்ஸி எஸ்22 இருந்தது. 2024இல் எஸ்24 வாங்கினேன். இரண்டிலும் மெயின் கேமரா 50 மெகாபிக்சல், அல்ட்ரா வைடு 12, மூன்று மடங்கு ஜூம் 10. இடையில் வந்த எஸ்23இலும் இதே எண்கள்தான். வாங்கிய வாரமே வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் கோபுரத்தைப் பகலில் இரண்டு போனிலும் எடுத்தேன். எந்தப் படம் எதில் எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. இரவுப் படங்களில் மட்டும் புதியது சற்றுத் தேவலை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பணம் போட்டுவிட்டு, பழையதே போதும் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பழைய போனில் வீட்டு டியூப்லைட்டில் எடுத்த படத்தையும், புதியதில் ஊசுட்டேரிக் கரையில் காலை வெயிலில் எடுத்த படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினேன். வெளிச்சம் செய்த வேலையைக் கேமராவின் கணக்கில் எழுதினேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் அதை நம்பினான். அவனிடம் இருந்தது முந்தைய ஆண்டு மாடல். ஒரு குறையும் இல்லை. "மாத்தலாமாண்ணே?" என்றான். "பழசுக்கும் இதுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாதுடா" என்றேன். மாதத் தவணையில் வாங்கினான். அவன் எடுப்பதெல்லாம் மகளின் படங்கள், போவதெல்லாம் வாட்ஸ்அப்பில். எச்.டி. என்று தேர்ந்தெடுக்காவிட்டால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதுவும் எனக்குத் தெரியும்.

படத்தின் தரம் எண்ணில் மட்டும் இல்லை என்பதும் தெரியும். கூகுள் பிக்சல் 3, 4, 5 மூன்றிலும், 2018 முதல் 2020 வரை, மெயின் கேமராவுக்கு ஒரே சோனி சென்சார்தான். படங்களை மேம்படுத்தியது பெரும்பாலும் சாஃப்ட்வேர். 2018இல் வந்த நைட் சைட் வசதி, 2016இல் வெளியான முதல் பிக்சலுக்கும் அப்டேட்டில் கிடைத்தது. புது போன் வாங்காமலே இரவுப் படம் தெளிவானது. இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு தம்பியிடம் மறைத்தது அறியாமை அல்ல, பொய்.

போன மாதம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றான். என்னிடம் பதில் இல்லை. மீதித் தவணைகளை நான் கட்டுகிறேன்.

என்னைப் போன்றவர்கள் காட்டும் படங்களை நம்பாதீர்கள். இரண்டு போனின் லென்ஸையும் துடைத்து, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், பகலிலும் இரவிலும் நீங்களே எடுங்கள். எது எந்தப் படம் என்று சொல்லாமல் வேறொருவரைக் காட்டச் சொல்லுங்கள். பிரித்தறிய முடியவில்லை என்றால், கையில் இருக்கும் போனையே வைத்துக்கொள்ளுங்கள்.