அறைக்கா, வரிசைக்கா?

சொகுசுக் கப்பலில் போகத் தீர்மானித்தவர்கள் எந்த ஊர்களுக்குப் போவது என்பதில் அவ்வளவாகக் குழம்புவதில்லை. குழப்பம் எந்த அறை என்பதில்தான். ஜன்னலே இல்லாத உள்ளறை, கண்ணாடி வழியே கடல் தெரியும் அறை, பால்கனி வைத்த அறை, இவற்றுக்கெல்லாம் மேலே சூட். கப்பல் ஒன்றுதான், துறைமுகங்களும் ஏழு இரவுகளும் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் கட்டணம் மட்டும் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குப் போகும்போது பல மடங்காகிவிடுகிறது. ‘தூங்கத்தானே போகிறோம், எந்த அறையாக இருந்தால் என்ன’ என்பது ஒரு கட்சி. ‘ஆயுளில் ஒருமுறை போகிறோம், அதையும் தீப்பெட்டிக்குள் அடைந்துகொண்டா போவது’ என்பது எதிர்க்கட்சி. இரு தரப்பும் சூட் என்றால் பெரிய அறை என்று வைத்துக்கொண்டே வழக்காடுகின்றன. எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம். இன்றைய பெருங்கப்பல்களில் சூட்டுக்காக நாம் கொடுக்கும் கூடுதல் பணம் அறைக்கு மட்டுமே போவதாகத் தெரியவில்லை. கூட்டத்தில் நிற்காமலிருக்கும் உரிமைக்கு அதில் கணிசமான பங்கு போகிறது. அந்த உரிமை நமக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

முதலில் அறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏழு நாளுக்கு 168 மணி நேரம். தூக்கம் 56 மணி. துறைமுகம் வந்தால் ஊர் சுற்றப் போய்விடுவோம். கடலில் இருக்கும் நாட்களில் சாப்பாடு, நீச்சல் குளம், நாடகம், மேல்தளத்தில் வேடிக்கை. விழித்திருக்கும் நேரத்தில் அறைக்குள் இருப்பது நாளுக்கு இரண்டு மணி என்று வைத்தால், மொத்தம் 14 மணி. பால்கனி அறைக்கும் சூட்டுக்கும் இருவருக்குமாகச் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் வித்தியாசம் என்று ஓர் உத்தேசம் போட்டுக்கொண்டால், சோபாவில் சாய்ந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 21,000 ரூபாய்க்கு மேல் விழுகிறது. உள்ளறையிலிருந்து பால்கனிக்கு ஏறும் படி அப்படிப்பட்டதல்ல. விடிந்ததா இல்லையா என்றே தெரியாத இடத்துக்கும், கதவைத் திறந்தால் கடல்காற்று முகத்தில் அடிக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு தரத்தில் வரும் வேறுபாடு. பால்கனியிலிருந்து சூட்டுக்குப் போவது பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூட்டுகளை அநேகமாக உயரமான தளங்களிலும், முன்முனை பின்முனை மூலைகளிலும் வைக்கிறார்கள், காட்சி நன்றாகத் தெரியும் என்று. கடல் கொந்தளித்தால் கப்பல் அதிகமாக ஆடுவதும் அங்கேதான். சீசாப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவர் அசைவதில்லை, ஓரத்தில் இருப்பவர்தான் தூக்கி எறியப்படுகிறார். கப்பலிலும் நடுப்பகுதியில் தாழ்ந்த தளத்தில் குறைந்த கட்டணம் கட்டியவர் நிம்மதியாகத் தூங்குவார். உச்சியில் பல மடங்கு கொடுத்தவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்.

ஆக, அறை என்ற அளவில் சூட் தோற்றுவிடுகிறது. ஆனால் விற்பவர்கள் அதை அறையாக மட்டும் விற்கவில்லை. கப்பலில் வகுப்பு என்பது பழைய சங்கதி. 1912இல் டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்புச் சீட்டு ஏழெட்டு பவுண்டு. பணியாட்களோடு வந்த ஒரு குடும்பம் தனி நடைவெளி வைத்த அறைத்தொகுப்புக்கு 512 பவுண்டு கொடுத்திருக்கிறது. அன்றைய கப்பலில் வகுப்பு உயிர்வரைக்கும் போனது. முதல் வகுப்பில் ஐந்தில் மூவர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவர்தான். (இன்று உயிர்காக்கும் படகில் சூட்காரருக்கு முன்னுரிமை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பிறகு ஜெட் விமானம் வந்து அட்லாண்டிக் கப்பல்களின் பிழைப்பைக் கெடுத்தது. போய்ச் சேருவதற்காக அல்லாமல் பொழுதுபோக்குவதற்காகக் கப்பல் ஏறும் காலம் பிறந்தபோது வகுப்புகள் கலைந்தன. 1972இல் தொடங்கிய கார்னிவல் நிறுவனம் எல்லாரும் ஒரே வகுப்பு, எல்லாருக்கும் கொண்டாட்டம் என்றுதான் சந்தை பிடித்தது. குனார்ட் நிறுவனம் மட்டும் பழைய மரபை விடாமல், எந்த அறையோ அதற்கேற்ற உணவுக்கூடம் என்று வைத்துக்கொண்டது. குயின் மேரி 2 கப்பலில் இன்றும் குயின்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில், பிரிட்டானியா என்று சாப்பிடும் இடத்தை வைத்தே ஆளின் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். மற்றவர்கள் ஒழித்த வகுப்பு 2000க்குப் பிறகு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. எம்எஸ்சி நிறுவனம் 2008இல் ஃபண்டாசியா கப்பலில் யாட் கிளப் என்று ஒரு பகுதியைத் தனியே பிரித்தது. நார்வீஜியனின் ஹேவன், செலிபிரிட்டியின் ரிட்ரீட் எல்லாம் இதே ஜாதி. தனி உணவகம், தனி வெயில்தளம், தனி வரவேற்பாளர், அறைச்சாவி அட்டையைக் காட்டினால் மட்டும் திறக்கும் கதவு. கப்பலுக்குள் ஒரு கப்பல் என்று அவர்களே விளம்பரம் செய்கிறார்கள்.

கதவு ஏன் தேவைப்படுகிறது என்பதற்குப் பதில் கப்பலின் அளவில் இருக்கிறது. 2024இல் கடலுக்கு வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன் கொண்டது. இந்த டன் எடையல்ல, கப்பலின் உள்கொள்ளளவைக் குறிக்கும் அளவை. அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள். கட்டிலெல்லாம் நிறைந்தால் 7,600. இருவர் கணக்கில் வகுத்தாலே ஆளுக்கு 44 டன் வருகிறது. ரீஜண்ட் நிறுவனத்தின் செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் ஏறத்தாழ 55,000 டன், பயணிகள் 750 பேர். ஆளுக்கு 73 டன். ஐகானில் இரண்டரைப் பயணிகளுக்கு ஒரு பணியாளர், எக்ஸ்ப்ளோரரில் ஒன்றரைப் பேருக்கும் குறைவு. எண்ணிக்கையின் பலன் எல்லா இடத்திலும் கண்ணில் படும்: ஏறும்போது வரிசை, பஃபேயில் வரிசை, குளத்தோரச் சாய்வு நாற்காலிக்குக் காலையிலேயே துண்டு போட்டு இடம்பிடித்தல், கரைக்குப் போகும் சிறு படகுக்கு எண்ணட்டை வாங்கிக் காத்திருத்தல். இந்த வரிசைகளில் முன்னே போகும் அனுமதியைத்தான் சூட் என்ற பெயரில் விற்கிறார்கள். ஆயிரக்கணக்கானவரை ஏற்றிக் கூட்டத்தை உண்டாக்குவதும் அதே நிறுவனம், கூட்டத்திலிருந்து மீட்பை விற்பதும் அதே நிறுவனம்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை 1849இலேயே கண்டுபிடித்து எழுதியவர் ழூல் துப்பூய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அன்றைய ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இருக்காது. கூரை போடக் காசில்லை என்பதல்ல காரணம். ஏழையைத் துன்புறுத்தும் ஆசையும் அல்ல. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான் என்று அவர் விளக்கினார். கீழ்வகுப்பின் அசௌகரியம் மேல்வகுப்புச் சீட்டின் விலையைத் தாங்கும் தூண். நம் ஊரில் 1970களின் கடைசியில் ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே இரண்டாம் வகுப்பின் மரப்பலகைக்கு இரண்டு அங்குல நுரைமெத்தை போட வைத்தார். அதுவரை அது இல்லாமலிருந்ததற்கு நுரையின் விலை மட்டுமே காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கப்பல் நிறுவனங்கள் வேண்டுமென்றே பஃபேயில் நெரிசல் உண்டாக்குகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நெரிசலைக் குறைக்க அவற்றுக்கு இருந்த அவசரம், நெரிசலிலிருந்து தப்பும் வழிக்கு விலை கிடைத்த பிறகு குறைந்திருக்காதா என்று கேட்கலாம் அல்லவா?

இப்படிச் சொன்னால் கணக்குப் பிள்ளைகள் ஒரு மறுப்போடு வருவார்கள். சூட் கட்டணத்தில் மது, இணையம், சில இடங்களில் டிப்ஸ், சிறப்பு உணவகம் எல்லாம் அடக்கம். சாதாரண அறைக்காரர் இவற்றுக்குத் தனித்தனியாக அழ வேண்டும். கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும் என்று. இதில் உண்மை உண்டு. பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கப்பலுக்குள் நடக்கும் செலவிலிருந்துதான் வருகிறது, ஆகவே குறைந்த சீட்டு விலை என்பது தூண்டில் புழு. ஆனால் அடக்கம் என்ற சொல்லுக்கு மயங்கும் முன் நாம் எதை எடுத்துக்கொள்வோம் என்று பார்க்க வேண்டும். மது தொடாத, சைவம் மட்டும் சாப்பிடுகிற தம்பதிக்கு வரம்பற்ற ஷாம்பெயினும் கடல்நண்டும் அடக்கம் என்றால், பக்கத்து மேசைக்காரரின் கோப்பைக்கும் சேர்த்து அவர்கள் பணம் கட்டுகிறார்கள் என்று பொருள். எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு: விளம்பர விலை பெரும்பாலும் ஆளுக்கு, அதுவும் இருவர் தங்குவதாக வைத்து, டிப்ஸ் அடக்கமில்லாத கப்பல்களில் சூட்காரருக்கு நாள் டிப்ஸ் சற்றுக் கூடுதல். இன்னொன்று, விற்காத உயர்ந்த அறைகளை ஏற்கெனவே சீட்டெடுத்தவர்களிடம் ஏலம் கேட்டுக் கொடுக்கும் வழக்கத்தைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. கப்பல் நகர்ந்தால் காலி அறைக்கு மதிப்பில்லை. அச்சிட்ட விலை செலவின் விலை அல்ல, நம் ஆசையை அளந்து போட்ட விலை என்பதற்கு அந்த ஏலமே சாட்சி.

இரண்டாவது மறுப்பு மனம் சார்ந்தது, அதை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. பெயர் சொல்லி வரவேற்பதும், கேட்காமல் காபி வருவதும், வரிசையைத் தாண்டி அழைத்துப் போவதும் மகிழ்ச்சிதானே, அதற்கு விலை கொடுப்பதில் என்ன தப்பு? தப்பில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஒரு பகுதி மற்றவர் வரிசையில் நிற்பதால் கிடைப்பது. கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவருக்குத் தெரியும்: சாமி ஒன்றுதான், வாங்கியது கம்பித் தடுப்பின் மறுபக்கத்தை. அந்தச் சீட்டை எல்லாரும் வாங்கினால் சிறப்பு வரிசையும் பொது வரிசை ஆகிவிடும். கப்பல்காரர்கள் லாபம் கண்டு ஒவ்வொரு புதுக் கப்பலிலும் சூட் பகுதியைப் பெரிதாக்கினால் அதற்குள்ளும் நாற்காலிக்குத் துண்டு போடும் நாள் வரும். வெளியே நிற்பவர்களுக்கு இது என்ன செய்கிறது என்பதும் ஒரு கேள்வி. முதல் வகுப்பு உள்ள விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிகளின் ரகளை கூடுதலாக இருப்பதாகவும், அவர்கள் முதல் வகுப்பைத் தாண்டி நடந்து ஏறும்போது அது இன்னும் கூடுவதாகவும் 2016இல் டீசெல்ஸ், நார்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் புள்ளியியலை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். விமானம் வேறு, கப்பல் வேறு. ஆனாலும் சூட் பகுதியை உச்சித் தளத்தில் ஒதுக்கி, கதவைப் பார்வைக்குப் படாமல் வைக்கும் கப்பல் வடிவமைப்பாளர்களுக்கு மனித மனம் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. அண்டை வீட்டுக்காரர் ஹேவனில் போனார் என்பதற்காக நாமும் கடன் அட்டையைத் தேய்ப்பது, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. ‘சூட்டுக்கு’ என்று எழுதும்போது தமிழே அதை நினைவுபடுத்துகிறது.

கூட்டம்தான் தொந்தரவென்றால் கூட்டமில்லாத கப்பலுக்குப் போகலாமே என்பது என் கட்சி. பெருங்கப்பலின் சூட்டுக்குக் கொடுக்கும் தொகையில் பல சமயம் சிறு சொகுசுக் கப்பலின் சாதாரண அறை கிடைத்துவிடும். அங்கே தப்பி ஓட வேண்டிய கூட்டமே இல்லை. (அங்கும் உச்சம் உண்டு. 2020இல் வந்த செவன் சீஸ் ஸ்ப்ளெண்டரின் ரீஜண்ட் சூட் 4,443 சதுர அடி, அறிவித்த கட்டணம் இரவுக்கு 11,000 டாலர். அதை வாங்குபவர் இந்தக் கட்டுரையைப் படித்துத் தீர்மானிக்கப் போவதில்லை.) பயணத்தின் தன்மையும் பேச வேண்டும். குயின் மேரி 2 சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு வழக்கமாக ஏழு இரவுகள் எந்த ஊரிலும் நிற்காமல் போகிறது; நான் மேலே போட்ட 14 மணிக் கணக்கு அங்கே செல்லாது, நல்ல அறையே ஊர் ஆகிவிடும். அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவுக்கு நாளுக்கு இரண்டு பெரிய கப்பல்களை மட்டுமே விடுகிறார்கள். அங்கே பனிப்பாறை உடைந்து விழும்போது சொந்தப் பால்கனி அருமைதான், ஆனால் அது ஒரு பக்கத்தைத்தான் காட்டும். இரு பக்கமும் பார்க்க விரும்பினால் சூட்காரரும் கம்பளிக் குல்லாயோடு பொதுத்தளத்துக்கு வந்து நிற்க வேண்டியதுதான். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பத் தொடங்கிய கார்டீலியாவின் எம்ப்ரெஸ் போன்ற இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்கு வேறு நியாயம். 1990இல் கட்டிய அந்தக் கப்பலில் பால்கனி அறைகள் குறைவு, ஆகவே கடல்காற்றுக்காக மேல்படிக்கு ஏறுவதைப் புரிந்துகொள்ளலாம். தனி உரிமைகளுக்காக ஏறினால், அவற்றை அனுபவிக்கத் தொடங்கும்போது பெட்டி கட்டும் நேரம் வந்திருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் வாதம் எடுபடாத இடம் ஒன்று இருக்கிறது. மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பம். பேரன் பேத்திகளுக்குச் சறுக்குத் தொட்டியும் பனிச்சறுக்கும் அலைக்குளமும் வேண்டும். அவை பெருங்கப்பலில்தான் உண்டு. முட்டிவலியோடு வரும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க முடியாது, இரைச்சல் ஆகாது, மாத்திரை சாப்பிட்டுப் படுக்க அமைதியான மூலை வேண்டும். சிறு கப்பலுக்குப் போனால் பிள்ளைகள் அழும், பெருங்கப்பலின் சாதாரண அறைக்குப் போனால் பெரியவர்கள் களைத்துப் போவார்கள். கப்பலும் வேண்டும், கப்பலிலிருந்து தப்பும் வழியும் வேண்டும் என்கிற இவர்களுக்குச் சூட் ஆடம்பரமே அல்ல. ஆனால் பணத்தை மிச்சம் பிடிக்க, பெரியவர்களுக்குச் சூட், மற்றவர்களுக்கு எதிர்வரிசையில் உள்ளறை என்று எடுத்தால் புதுச் சிக்கல் வரும். தனி உணவகமும் தனித் தளமும் அந்த அறையில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் என்று பல கப்பல்களில் விதி இருக்கிறது. தாத்தா மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்து பேத்தியோடு சாப்பிட ஆசைப்படுவார், கதவு பேத்தியின் அட்டைக்குத் திறக்காது. அவர் எழுந்து பஃபே வரிசைக்குத்தான் வந்து சேருவார்.