தொட்டிக்குள் ஒரு கலகம்

வண்ணமீன் வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் அமைதியைப் பற்றியே பேசுகின்றனர். பார்க்கப் பார்க்க மனம் ஆறும் என்பர். உறக்கம் வரும் என்பர். இவ்வாறு கூறுவோர் ஐந்து நிமிடங்களுக்கு மேல் தொட்டியின் முன் அமர்ந்ததில்லை என்பது என் எண்ணம். அரைமணி நேரம் பொறுமையாக அமர்ந்து பார்ப்பவருக்கு அங்கே துரத்தலும் ஒளிதலும் கடித்தலும் தெரியத் தொடங்கும். ஒலி இல்லாத காரணத்தால் அதனை அமைதி என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

சூளகிரியில் என் மகள் வீட்டுக் கூடத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. மருமகன் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவர். உறவினர் ஒருவர் பேத்திக்கென்று அன்பளிப்பாகக் கொண்டுவந்து வைத்த தொட்டி அது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சென்டிமீட்டரில் 60, 30, 30 என்று பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர் வரும். கல்லும் மணலும், மேலே விட்ட இடைவெளியும் போக ஏறத்தாழ 45 லிட்டர் நீர் நிற்கும். மூன்று குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று குடத் தண்ணீரில் ஏஞ்சல் இரண்டு, டைகர் பார்ப் நான்கு, கறுப்பு மோலி மூன்று. "எல்லாம் ஒண்ணாவே இருக்கும்" என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தாராம்.

கடையில் காணும் மீன் குழந்தை மீன் என்பதைப் பலரும் நினைவில் கொள்வதில்லை. நாணயம் அளவில் வாங்கிவரும் ஏஞ்சல், ஓராண்டுக்குள் உள்ளங்கை அளவு வளர்ந்து, மேலும் கீழும் நீண்ட துடுப்புகளோடு ஓரடித் தண்ணீரை அடைத்துக்கொண்டு நிற்கும். அமேசான் ஆற்று மீன் அது. டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோத் தீவுப் பக்கத்தது, கூட்டமாக வாழ்வது, ஆறு எட்டு என்று இருந்தால் தம்முள்ளேயே துரத்தி விளையாடித் தம்முள்ளேயே உயர்வு தாழ்வு பார்த்துக்கொள்ளும். மூன்று நான்கு மட்டும் இருந்தால் அதன் குறும்பு பிற மீன்களின் நீண்ட துடுப்புகளின் மேல் திரும்பும். உலகில் ஒருபோதும் சந்தித்திருக்க வேண்டாத இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் சேர்த்து வைத்தது மனிதனின் வாணிபம்.

முதல் ஆறு மாதங்கள் பார்ப்களின் ஆட்சி. ஏஞ்சல்களின் துடுப்பு நுனிகள் கிழிந்த கொடிபோல் ஆயின. பிறகு ஏஞ்சல்கள் வளர்ந்தன. ஒருநாள் காலையில் ஃபில்டர் குழாயின் மேல் வரிசை வரிசையாக முத்துப்போன்ற முட்டைகள். அன்று முதல் காட்சி மாறிற்று. இணை இரண்டும் மாறி மாறி முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறின. மற்ற நேரமெல்லாம் தொட்டியின் முக்கால் பங்கைத் தமதாக்கிக்கொண்டு ஏனையவற்றை ஒரு மூலைக்கு ஒதுக்கின. வேகமுள்ள பார்ப்கள் தப்பின. மோலிகள் நீர்மட்டத்தின் மூலையில் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, நிறம் மங்கி நின்றன. இரண்டாம் நாள் மாலை ஒரு மோலி இறந்து மிதந்தது.

எட்டு வயதுப் பேத்தி அழவில்லை. "நன்னா, அது கெட்ட மீன். அதைக் கொண்டுபோய்ச் சின்னாறு அணையில விட்டுடலாம்" என்றாள். மகளும் அதற்கு உடன்பட்டாள். பக்கத்து வீட்டு அம்மையார், விடுவானேன், குழம்பு வைத்தால் ஆயிற்று என்று சிரித்தார்.

கெட்ட மீன் என்ற சொல் எனக்கு ஒரு நூலை நினைவூட்டிற்று. கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1963ஆம் ஆண்டில் விலங்குகளின் மூர்க்கத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். 'தீமை எனப்படுவது' என்பது அதன் தலைப்பின் பொருள். பவளப்பாறை மீன்களிலிருந்தே அவர் தொடங்குகிறார். அம்மீன்கள் வேற்றின மீனைவிடத் தம் இனத்து மீனையே கடுமையாகத் தாக்குகின்றன. உணவும் இடமும் ஒன்றாக வேண்டியிருப்பது தன் இனத்துக்குத்தானே! கடலில் அந்தத் தாக்குதல் கொலையில் முடிவது அரிது. தோற்றது ஓடிவிடும், ஓடியதும் வென்றதன் சினம் தீர்ந்துவிடும். தொட்டியில் ஓடுகிற மீன் இரண்டடியில் கண்ணாடியில் முட்டி நிற்கிறது. துரத்துகிற மீனின் கணக்கில் அது இன்னும் தன் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆகவே மீண்டும் தாக்குகிறது. மீனின் இயல்பில் பிழை ஏதுமில்லை. தோற்றவன் வெளியேறும் வாயில் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

லோரன்சோடு 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் நிக்கோ டின்பெர்கன். ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் இவர் முதுகில் முள்ளுடைய ஒரு சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்தார். இனப்பெருக்கக் காலத்தில் அதன் ஆணுக்கு வயிறு சிவக்கும். மீன்போலவே செய்து சிவப்புப் பூசாத பொம்மையை அவை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. மீனின் சாயலே இல்லாத கட்டைக்கு அடியில் சிவப்புப் பூசினால் பாய்ந்து தாக்கின. சன்னலுக்கு வெளியே சிவப்பு அஞ்சல் வண்டி கடந்தபோதும் அவை கண்ணாடியை நோக்கிச் சீறினவாம். சினம் கொள்ளும் மீன் எதிரியை முழுதாகப் பார்ப்பதில்லை, ஓர் அடையாளத்தை மட்டுமே பார்க்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

இங்கே ஒன்று சொல்லத்தான் வேண்டும். மீனிடம் கண்டதை மனிதனுக்கும் ஏற்றிச் சொல்லும் ஆசை லோரன்சுக்கு இருந்தது. அதில் அவரைப் பின்பற்ற எனக்கு விருப்பமில்லை. அவர் 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அவருடைய நண்பர் டின்பெர்கனோ, யூதப் பேராசிரியர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்த லெய்டன் ஆசிரியர்களுள் ஒருவராக, ஜெர்மானியரின் முகாமில் பிணைக்கைதியாக அடைபட்டிருந்தவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர் எங்களூர். சிப்காட் வந்தபின் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. ஒரே வரிசை வீடுகளில், ஒரே குழாயடியில் இத்தனை பேரும் வாழ்கிறார்கள். ஏஞ்சலைக் கொண்டு இவர்களை அளப்பது இவர்களுக்கும் நியாயமன்று, ஏஞ்சலுக்கும் நியாயமன்று.

அணையில் விடுவதற்கு நான் இசையவில்லை. ஜிலேபிக் கெண்டையின் வரலாறு பேத்திக்குச் சொல்லப்பட்டது. ஆப்பிரிக்க மீனாகிய அது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏஞ்சலின் உறவினம்தான். ஆண் மீன் குளத்தின் அடியில் குழி பறித்துக் காவல் நிற்கும். பெண் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். இத்தகைய காவலுள்ள குஞ்சுகள் பிழைத்துப் பெருகிப் பல ஏரிகளில் நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஏஞ்சல் நம் குளிரில் பிழைக்குமோ பிழைக்காதோ, தொட்டி மீனை ஆற்றில் விடும் பழக்கம் பிள்ளைகளுக்கு வரலாகாது.

கட்டிப்போட்ட பூனைக்கு உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் வைத்திருந்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். அடைத்து வைத்தவனுக்கே பொறுப்பு என்பது அதில் தெளிவு. ஆகவே வேலையைத் தொடங்கினோம். முதலில், தொட்டியை இரண்டாகத் தடுத்தோம். ஜன்னலுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதே போதுமானதாயிற்று. தண்ணீர் அதனூடே ஓடும், மீன் ஓடாது. மோலிகளைக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினோம். எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினநீர். மோலிக்கு அதுதான் உகந்தது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பெங்களூரின் குளிர் எங்களுக்கும் உண்டு.

பார்ப்களுக்கு மேலும் நான்கு சேர்க்கலாமா என்று மருமகன் கேட்டார். வேண்டாம் என்றேன். எண்ணிக்கை கூடினால் துரத்தல் பங்கிடப்படும் என்பது மெய். 45 லிட்டரில் எண்ணிக்கை கூடினால் கழிவும் கூடி நீர் கெடும் என்பதும் மெய். நான்கு பார்ப்களையும், பெரிய தொட்டியில் அதே இனம் வளர்க்கும் அவருடைய நண்பர் ஒருவருக்குக் கொடுத்தோம். கொடுத்தபோது சொல்லியனுப்பியது இது: புது மீனை விடும் முன் பழைய மீன்களுக்கு வயிறார இரை போடுங்கள், கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வையுங்கள், விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். கல் இடம் மாறினால் பழைய எல்லைகள் அழிந்து, பழைய மீனும் புது மீனைப்போல் திகைத்து நிற்கும். ஒரே மீன்தான் எல்லாரையும் துரத்துகிறது என்றால் அதனைச் சில நாட்கள் தனியே வைத்துவிட்டுத் திரும்ப விடுவதும் பலன் தரும். தான் பிடித்திருந்த இடத்தில் பிறர் இருக்கக் காணும்போது அதன் மிடுக்கு குறைந்திருக்கும். மண்சட்டி ஓடு ஒன்றைக் கவிழ்த்து வைத்தாலே பார்வை மறைந்து பாதிச் சண்டை ஓயும்.

ஏஞ்சல்கள் தம் முதல் முட்டைகளைத் தாமே தின்றுவிட்டன. இளம் இணைகள் அவ்வாறு செய்வதுண்டு. பேத்திக்கு இதுதான் மோலியின் சாவைவிடப் பெரிய அதிர்ச்சி. இரண்டாம் முறை இட்ட முட்டைகள் மூன்றாம் நாள் பொரிந்தன. தடுப்பின் ஒருபக்கம் முழுவதும் இப்போது அவற்றுக்கே.

பக்கத்து வீட்டுச் சிறுவன் இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஃபைட்டர் மீன் இரண்டு வாங்கிச் சண்டை விடப்போவதாகச் சொன்னான். சயாம் நாட்டு மீன் அது. தாய்லாந்து 2019இல் அதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கே பந்தயம் கட்டிச் சண்டை விட்டது பழைய வழக்கம். நம் நாட்டிலோ விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தைச் சொன்னபோது அவன் முகம் மாறவில்லை. ஒரு மீன் வாங்கி, அதன் எதிரே சிறு கண்ணாடியை ஒரு நிமிடம் காட்டிப் பார், செவுளை விரித்துத் தன் நிழலோடு எப்படி முறைக்கிறது என்று பார், பிறகு கண்ணாடியை எடுத்துவிடு என்றேன். போன வாரம் ஒன்று வாங்கிவிட்டான். அடுத்த மாதம் இன்னொன்று வாங்குவானாம். இரண்டு பாட்டில்களுக்கும் இடையே வைப்பதற்கு என் பேத்தி பழைய நோட்டு அட்டை ஒன்றை வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.