ஒரு சாண்

கார்த்திகை 4, இரவு

மழை விடவில்லை. கடைசி அலசலில் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவின் கீழ்ப்பாதி வரை சாம்பல் நிறத் தண்ணீர். அதற்குள் என் கணவருடைய கறுப்பு வேட்டி இரண்டும் துண்டும் கிடக்கின்றன. ஐயப்பனுக்கு மாலை போட்டு நான்கு நாள்தான் ஆகிறது. இரண்டு வேளையும் குளித்து மாற்ற அவரிடம் இருப்பது மூன்று வேட்டி. தண்ணீர் உள்ளே இருக்கும்வரை கதவு திறக்காது. அத்தை மூன்றாவது வேட்டியை அலசி மின்விசிறிக்குக் கீழே விரித்திருக்கிறார். எழுபத்திரண்டு வயதில் அவர் துணி பிழிவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். என்ன சத்தம் வருகிறது என்றுகூடக் கேட்கவில்லை. "பம்ப் போயிருக்கும் மேடம், மாத்தணும். ஆள் வர மூணு நாள் ஆகும்." பார்க்காமலே ஒரு பாகத்தைக் குற்றவாளியாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கார்த்திகை 5

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினுக்கு முன்னால் பழைய துண்டை விரித்து உட்கார்ந்தேன். கீழே வலது மூலையில் ஒரு சின்ன மூடி. அதற்குள்தான் வடிகட்டி இருக்கிறது. அதை இடப்பக்கமாகக் கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீர் கசியும். தட்டு நிறைந்ததும் இறுக்கி, பக்கெட்டில் கொட்டி, மறுபடி தளர்த்த வேண்டும். ஒரேயடியாகத் திருகினால் பால்கனி முழுக்க வெள்ளம்தான். பதினேழு தட்டு எடுத்தேன். துணிகளை வெந்நீரில் போட்டிருந்தால் ஆறும்வரை காத்திருந்திருப்பேன். சூடாறாமல் அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. எடுத்த தண்ணீர் கழிப்பறைக்குப் போனது.

வடிகட்டியில் வேட்டியின் கறுப்புப் பஞ்சு, களிமண் மாதிரி இறுகிய சோப்பு, ஒரு ஊக்கு, ஒரு ரூபாய் நாணயம். எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாது, திரிந்துபோய்ப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பம்பின் சின்ன விசிறி தெரிந்தது. விரலால் சுற்றினேன். வழுவழுவென்று சுற்றாமல் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. முதலில் பயந்தேன். உள்ளே காந்தம் இருப்பதால் அது அப்படித்தான் நகருமாம். அதில் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி வெறும் மெஷினை ஓட்டினேன். பம்ப் உறுமியது. தண்ணீர் இறங்கவில்லை.

கார்த்திகை 6

அலுவலகம். எதுவும் செய்ய முடியவில்லை. கீழ்வீட்டு அக்கா, "ஹோஸைத் தரையில போட்டுடும்மா, தானா வடிஞ்சிடும்" என்றார். அவருடையது மேலே துணி போடுகிற மெஷின். அந்த வகையில் பெரும்பாலும் பம்ப் கிடையாது. ஒரு சின்ன மோட்டார் அடைப்பானை இழுத்துத் திறக்க, தண்ணீர் தன் பாரத்தில் இறங்கும். அதற்கு ஹோஸ் தரையோடுதான் கிடக்க வேண்டும். முன்பக்கக் கதவு மெஷினில் அப்படிப் போட்டால், பிடிக்கிற தண்ணீர் அப்போதைக்கப்போதே வெளியே ஓடிக்கொண்டிருக்கும். அதன் ஹோஸ் ஏறக்குறைய இடுப்பளவு உயரம் ஏறி இறங்க வேண்டும். அக்கா சொன்னது அவர் மெஷினுக்குச் சரி.

கார்த்திகை 7, ஞாயிறு

இன்று தண்ணீர் போகிற வழியிலேயே நானும் போனேன். தொட்டி, வடிகட்டி, பம்ப், ஹோஸ், அப்புறம்? அப்புறம் சுவர். மெஷினை முன்னால் இழுத்ததும் காரணம் கண்ணில் பட்டது. ஹோஸின் நுனி சுவர்க் குழாய்க்குள் போயிருக்க, சுற்றிலும் டேப்பைச் சுற்றி எம்சீல் வைத்து அடைத்திருந்தது.

அடைக்கச் சொன்னதே நான்தான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோமே, அப்போது இந்த ஹோஸை ஒரு டப்பில் விட்டிருந்தோம். ஒரு சொட்டு வீணாகாது. மழை வந்து தண்ணீர் திரும்பியதும் டப்பை எடுத்துவிட்டு ஹோஸைச் சுவருக்குள் விட்டோம். குழாய் வழியாகக் கரப்பான் ஏறுகிறது என்று ஒருவரைக் கூப்பிட்டு அடைத்தோம். அவர் ஹோஸை இரண்டடிக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கிறார்.

எம்சீலை உளியால் தட்டி உடைத்து ஹோஸை உருவினேன். குழாய் வளைகிற இடத்துச் சேற்றில் நுனி இவ்வளவு நாளும் புதைந்து கிடந்திருக்கிறது. வாயில் நெல்லிக்காய் அளவுக்குப் பஞ்சுக் கட்டி. அதைப் பிடுங்கி, ஹோஸை ஸ்டூல் மேல் வைத்த பக்கெட்டில் விட்டு மெஷினைப் போட்டேன். பக்கெட் நிறைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தார். "பம்ப் நல்லாத்தான் இருக்கு அத்தை" என்றபோது என் குரல் தழுதழுத்தது.

அதே பக்கெட் தண்ணீரைச் சுவர்க் குழாயில் ஊற்றிப் பார்த்தேன். குபுக்கென்று திரும்பி வந்தது.

இப்போது யோசித்தால் எல்லாம் பொருந்துகிறது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பதை மெஷின் ஒரு மெல்லிய குழாயில் சிக்கிய காற்றின் அழுத்தத்தால்தான் அறிகிறது. பம்ப் சில நிமிடம் ஓடியும் அழுத்தம் குறையாவிட்டால், பிழைக் குறியீட்டைக் காட்டி நிறுத்திக்கொள்ளும். ஏன் குறையவில்லை என்று அதற்குத் தெரியாது. சுவருக்குள் இருக்கும் அடைப்பு அதன் கண்ணுக்கு எட்டாதே. போனில் பேசியவராவது கேட்டிருக்கலாம்.

கார்த்திகை 8

பிளம்பர் தம்பி நீளமான சுருள் கம்பியை விட்டுச் சுழற்றி, வளைவிலிருந்து கைநிறையக் கறுப்புச் சேற்றை எடுத்தார். "மறுபடி எம்சீல் வைக்கட்டுமாக்கா?" என்றார். வேண்டாம் என்றேன். காற்றுக்கு இடம்விட்டு, நழுவாமல் இருக்க ஹோஸைச் சுவரில் ஒரு கொக்கியில் மட்டும் கட்டச் சொன்னேன். கரப்பானுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

மாலையில் கறுப்பு வேட்டி இரண்டும் ஓடின. கடைசி அலசலுக்கு மட்டும் ஹோஸை எடுத்து டப்பில் விட்டேன். பரணிலிருந்து அந்த 2019 டப்பை அத்தையே இறக்கிக் கழுவி வைத்திருந்தார். அந்தத் தண்ணீரில் பால்கனியைக் கழுவினோம். சுவரில் குழாய்க்குப் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைத்தேன்: "ஹோஸ் உள்ளே ஒரு சாண் மட்டும். அடைக்காதே."